ஓடுகிற ஜெனரேட்டரை ஒரு ஸ்டிக்கருக்காக ஏன் ரீகால் செய்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேம்பிங் போகும்போது கொண்டுபோகவும், புயல் மழையில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜையாவது ஓட்டிக்கொள்ளவும் ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார். கயிறு இழுக்க வேண்டாம், ரிமோட்டை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற வகை. நன்றாகவே ஓடுகிறது. இப்போது விற்ற கடையிலிருந்து மின்னஞ்சல்: பேட்டரி பற்றிய எச்சரிக்கை லேபிள் இல்லாததால் இந்த மாடலைத் திரும்பப் பெறுகிறோம், பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். இவர் போய் மெஷினின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் மேல் ஆசிட், தீப்பொறி, கண்ணுக்குப் பாதுகாப்பு என்று இடமில்லாமல் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. "லேபிள்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ரீகால்? ஒரு ஸ்டிக்கருக்காக இவ்வளவு பெரிய மெஷினை யார் தூக்கிக்கொண்டு அலைவது? கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

நீங்கள் வேறு பேட்டரியைப் பார்த்துவிட்டீர்கள். மின்னஞ்சல் பேசுவது மெஷினுக்குள் இருக்கும் பெரிய பேட்டரியைப் பற்றி இருக்காது, சாவி வளையத்தில் தொங்குகிறதே அந்தச் சின்ன ரிமோட், அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பற்றித்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை பெரும்பாலும் வராது. ஆனால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ, அக்கா தங்கை பிள்ளைகள் வந்து போகிற வீடாக இருந்தாலோ நிச்சயமாக விடாதீர்கள். இறக்குமதிப் பொருட்களின் தரச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு, இந்த மாதிரி ரீகால் அறிவிப்புகளோடுதான் பொழுது போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த ரிமோட்டைக் கையில் எடுங்கள். அநேகமாக இரண்டு கொடுத்திருப்பார்கள். ஒன்று சாவிக்கொத்தில் இருக்கும், இன்னொன்று மேனுவலோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பையில் வந்திருக்கும், அதை வாங்கிய அன்றைக்கே யாராவது ஏதோ ஒரு டிராயரில் போட்டிருப்பீர்கள். அதையும் தேடி எடுத்துவிடுங்கள், உண்மையில் எனக்குக் கவலை அந்த இரண்டாவதைப் பற்றித்தான். பின்பக்கம் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிலதில் நகத்தை விட்டு நெம்பினாலே இரண்டு பாதியாகப் பிளந்துகொள்ளும். உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதன் மேல் ஒரு தகரக் கவ்வி, கவ்விக்குள் பளபளவென்று வட்டமாக ஒரு பேட்டரி. அதன்மேல் சிஆர் 2032 என்று இருந்தால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்று பொருள். 3 வோல்ட் லித்தியம். உங்கள் ஊர் 5 சென்ட் நாணயத்தின் அகலம்தான், அரை மில்லிமீட்டர் கூட இருக்கும்.

அதற்குப் பதில் விரல் பேட்டரியைக் குட்டையாக்கியது போல உருளையாக 12 வோல்ட் பேட்டரி இருந்தால் கதை வேறு. ஆஸ்திரேலியச் சட்டமும் சரி, அமெரிக்கச் சட்டமும் சரி, உயரத்தைவிட விட்டம் அதிகமாக இருக்கும் ஒற்றைச் செல்லைத்தான் பட்டன் அல்லது காயின் பேட்டரி என்று கணக்கில் எடுக்கின்றன. உருளை வடிவம் அந்த வரையறைக்குள் வராது. வேடிக்கை என்னவென்றால் அந்த 12 வோல்ட் உருளையின் தோலை உரித்தால் உள்ளே எட்டுச் சின்ன பட்டன் செல்கள் அடுக்கி வைத்திருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது உருளை.

சரி, இந்தச் சின்ன வட்டத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? விழுங்கினால் தொண்டை அடைக்கும், அல்லது உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்து விஷமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காயத்தைச் செய்வது இரண்டும் இல்லை, மின்சாரம். 20 மில்லிமீட்டர் என்பது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகப் போய் மாட்டிக்கொள்ளும் அளவு. அங்கே ஈரமான சதை பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது, சுற்று முழுமையாகிறது, மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. எதிர்முனை (மைனஸ்) இருக்கும் பக்கம் அந்த ஈரத்திலிருந்தே ஹைட்ராக்சைடு உருவாகிறது, அதாவது சாக்கடை அடைப்பை எடுக்க ஊற்றுகிறோமே காஸ்டிக் சோடா, கிட்டத்தட்ட அந்த வகைக் காரம். பேட்டரி உடையவும் வேண்டாம், கசியவும் வேண்டாம். 15 நிமிடத்தில் சதை வேகத் தொடங்கிவிடுகிறது, 2 மணி நேரத்துக்குள் படுமோசமான காயம் ஆகிவிடலாம். ஓட்டை விழுந்து மூச்சுக்குழாயோடு வழி ஏற்பட்டுவிடும், அதைவிடக் கொடுமை அது பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் அரித்துக்கொண்டு போவது. பேட்டரியை எடுத்த பிறகும் சில நாள், சில வாரம் கழித்துத் திடீரென்று ரத்தம் கொட்டி இறந்த குழந்தைகள் உண்டு. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே வேலைதான் நடக்கும்.

இன்னொன்று. "தீர்ந்துபோன பேட்டரிதானே" என்று சொல்வதை நிறையக் கேட்கிறேன். ரிமோட்டுக்குத்தான் அது தீர்ந்துபோனது. ரிமோட் வேலை செய்ய வேண்டிய மின்னழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைந்ததும் நாம் அதைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டுப் புதிதைப் போடுகிறோம், சதையைச் சுடுவதற்கு அதில் இன்னும் தாராளமாகவே மிச்சம் இருக்கும்.

குழந்தை விழுங்குவதை யாராவது பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. குழந்தை சாப்பிட மறுக்கும், எச்சில் வடிக்கும், இருமும், வாந்தி எடுக்கும், காய்ச்சல் வரும். எந்த டாக்டரும் சளி, தொண்டைப் புண், வயிற்றுக் கோளாறு என்றுதான் முதலில் நினைப்பார், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த ரீஸ் என்ற குழந்தைக்கு முதலில் குரூப் என்னும் தொண்டை வீக்கம் என்றுதான் சொன்னார்கள். பிறகுதான் வீட்டில் ஒரு ரிமோட்டில் பட்டன் பேட்டரி காணவில்லை என்று தாய் கவனித்தார். 2020 டிசம்பரில் 18 மாத வயதில் அந்தக் குழந்தை இறந்தது. 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான சட்டத்துக்கு ரீஸ் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2013, 2015, 2020 என்று மூன்று குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2013-ல் இறந்த குயின்ஸ்லாந்துச் சிறுமிக்கு நான்கு வயது, ரத்தம் வந்ததை முதலில் மூக்கிலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர்கள் போக, மாதத்துக்கு ஒரு குழந்தைக்கு மேல் பலத்த காயம் படுகிறது என்பது அங்கே நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி சொல்லும் கணக்கு.

சட்டத்தில் ஆஸ்திரேலியா அமெரிக்காவை முந்திக்கொண்டது. 2020 டிசம்பரில் விதிகளை அறிவித்து, கம்பெனிகளுக்கு ஒன்றரை வருடம் அவகாசம் கொடுத்து, 2022 ஜூன் 22 முதல் கட்டாயம் ஆக்கினார்கள். அதில் பட்டன் பேட்டரி உள்ள பொருட்களுக்கு என்று இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான பதிலே இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒன்று பாதுகாப்புத் தரம்: பேட்டரி இருக்கும் அறையைக் குழந்தையால் திறக்க முடியக்கூடாது, ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு கருவி வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி அசைவு கொடுத்தால்தான் திறக்க வேண்டும், கீழே போட்டாலும் நசுக்கினாலும் பேட்டரி வெளியே வரக்கூடாது. மற்றது தகவல் தரம்: இந்தப் பொருளில் பட்டன் பேட்டரி இருக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உடனே மருத்துவ உதவி தேடுங்கள் என்ற எச்சரிக்கையும், முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்த அடையாளமும் வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இப்போது அந்த மின்னஞ்சலையோ, ஏசிசிசி தளத்தில் இருக்கும் ரீகால் அறிவிப்பையோ மறுபடி எடுத்து, குறை என்ன என்ற பகுதியை மட்டும் படியுங்கள். எச்சரிக்கைத் தகவல் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டது இரண்டாவது விதியில். பேட்டரி அறை பாதுகாப்பாக இல்லை, பேட்டரி எளிதில் வெளியே வரலாம் என்றும் சேர்த்து எழுதியிருந்தால் முதல் விதியும் உடைந்திருக்கிறது, அப்போது உங்களுக்கு ஸ்டிக்கர் போதாது, அந்த ரிமோட்டே வேண்டாம். தலைப்பில் லேபிள் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் இந்த வரியைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஜெனரேட்டர் கம்பெனிக்காரர்கள் இதில் எப்படி விழுகிறார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது. ஒரு ஜெனரேட்டரை நாட்டுக்குள் கொண்டுவர எவ்வளவு காகிதம் தெரியுமா? மின் பாதுகாப்பு, பிளக் பாயின்ட், எர்த் லீக்கேஜ், பெட்ரோல் டாங்க், இன்ஜின் புகை, இரைச்சல் அளவு, எல்லாவற்றுக்கும் சான்று வைத்திருப்பார்கள். இந்த ரிமோட் வேறொரு தொழிற்சாலையில் மூட்டையாக வாங்கிப் பெட்டியில் போட்ட சாமான். விற்பனைப் பிரிவு ஒரு நாள் "இந்த வருடம் ரிமோட் ஸ்டார்ட் வேண்டும், போட்டிக்காரன் கொடுக்கிறான்" என்று சொல்லியிருக்கும், பொறியாளர்களும் சேர்த்திருப்பார்கள். அந்த நிமிடத்திலேயே முழு ஜெனரேட்டரும் பட்டன் பேட்டரி உள்ள பொருள் என்ற கணக்கில் வந்துவிட்டது என்பது யார் தலையிலும் உறைத்திருக்காது, ஏனென்றால் பட்டன் பேட்டரிச் சட்டம் என்றால் பொம்மை, எல்இடி மெழுகுவர்த்தி, சமையலறைத் தராசு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்றுதான் மனதில் படம் ஓடும். ஜெனரேட்டர் மட்டும் இல்லை, ரிமோட்டோடு வருகிற மின்விசிறி, ஹீட்டர், கேட் மோட்டார், கூடாரத்து விளக்கு எல்லாம் இதே வலையில் விழக்கூடியவைதான். அமெரிக்காவிலும் 2024 மார்ச் 19-க்குப் பிறகு தயாரான பொருட்கள் யுஎல் 4200ஏ என்ற பட்டன் பேட்டரிப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்று ஆனதிலிருந்து இந்த மாதிரி அறிவிப்புகள் அங்கேயும் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன.

விற்ற கடைக்காரர் ஏன் இவ்வளவு பதறி மின்னஞ்சல் அனுப்புகிறார் என்றால், சட்டப் பொறுப்பு தயாரித்தவரோடு நிற்பதில்லை. இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, எல்லார் தலையிலும் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தை மீறும் கம்பெனிக்கு அபராதம் 5 கோடி டாலர் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகலாம். வாலண்டரி ரீகால் என்று அறிவிப்பில் போட்டிருப்பதைப் பார்த்து, ஏதோ பெரிய மனது பண்ணிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு கட்டளை போடுவதற்கு முன்னால் தாங்களாகச் செய்தால் அதற்கு அந்தப் பெயர், தொடங்கிய 2 நாளுக்குள் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: ஒரு வயதுக் குழந்தை லேபிளைப் படிக்கப்போகிறதா? இல்லை. நியாயமான கிண்டல்தான். லேபிள் குழந்தைக்காக ஒட்டுவதில்லை, அந்தப் பொருளுக்குள் பட்டன் பேட்டரி இருக்கிறது என்ற செய்தி வீட்டில் பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒட்டுவது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி என்று மின்னஞ்சல் சொன்னதும் நேராக மெஷினின் மூடியைத்தான் கழற்றினீர்கள், ரிமோட் உங்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. நாளைக்கு வீட்டில் ஒரு குழந்தை காரணமில்லாமல் எச்சில் வடித்துக்கொண்டு சாப்பிட மறுத்தால், டாக்டர் "வீட்டில் பட்டன் பேட்டரி உள்ள சாமான் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால், மனசறிந்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு பதிலால் எக்ஸ்ரே அரை நாள் தள்ளிப்போகும், 2 மணி நேரக் கணக்கில் அரை நாள் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் இந்த விஷயத்தில் லேபிள் இல்லாததை நான் வெறும் காகிதக் குறையாகப் பார்க்க மாட்டேன்.

அதே சமயம் லேபிள் எல்லாவற்றையும் சாதிக்கும் என்று நம்புகிற ஆளும் இல்லை நான். அதற்கு இதே ஜெனரேட்டரே சாட்சி. அமெரிக்காவில் 2007 மே 14-லிருந்து ஒவ்வொரு போர்ட்டபிள் ஜெனரேட்டரின் மேலும், அதன் பெட்டியின் மேலும் ஓர் எச்சரிக்கை கட்டாயம். வீட்டுக்குள் ஓட்டினால் நிமிடங்களில் சாவீர்கள், இதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அது கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்லும் எச்சரிக்கை, இதைவிடப் பச்சையாக எழுத முடியாது. ஆனாலும் ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் அங்கே சாவுச் செய்தி வருகிறது. 2020 ஆகஸ்டில் லாரா புயல் லூசியானாவைப் புரட்டிப்போட்டபோது, காற்றெல்லாம் ஓய்ந்த பிறகு, கரண்ட் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர் புகையில் பலர் இறந்தார்கள். ஒரே ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு வெளியிடக்கூடும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. மழை அடிக்கிறது, மெஷின் நனையும், திருடு போகும், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று கேரேஜுக்குள் தள்ளி கதவைப் பாதி திறந்து வைக்கிறவனுக்கு லேபிளில் எழுதியிருப்பது தெரியாமல் இல்லை, தெரிந்தே செய்கிறான்.

அதனால் அங்கே எழுத்தை விட்டுவிட்டு மெஷினிலேயே கை வைத்தார்கள். ஜெனரேட்டர் தயாரிப்பாளர் சங்கத்தின் பிஜிஎம்ஏ ஜி300 என்ற 2018 தரத்தின்படி மெஷினைச் சுற்றி கார்பன் மோனாக்சைடு 800 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 800 பங்கு) தொட்டாலோ, 10 நிமிடச் சராசரி 400 தாண்டினாலோ தானாக நின்றுவிட வேண்டும். யுஎல் 2201 என்ற இன்னொரு தரம் இன்னும் கறார், 400-ம் 150-ம்தான் அதன் எல்லை, அதோடு இன்ஜின் வெளியிடும் அளவுக்கே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் மெஷினில் இந்தத் தானியங்கி நிறுத்தம் இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் ஒருமுறை பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து நன்றாகத் தள்ளி, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்த் திசையில் திருப்பி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ரிமோட் ஸ்டார்ட்டில் எனக்கு ஒரு தனிச் சந்தேகமும் உண்டு. மெஷின் எங்கே இருக்கிறது, அதன்மேல் தார்ப்பாய் கிடக்கிறதா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எதையும் பார்க்காமல் கட்டிலில் படுத்தபடி ஸ்டார்ட் செய்ய முடிகிறது. குழந்தை பட்டனை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகும். இது எந்த ரீகாலிலும் வராத என் சொந்தப் புலம்பல்.

எல்லா ரீகாலையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்பதற்கும் ஜெனரேட்டரிலிருந்தே உதாரணம் உண்டு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் ஜெனராக் நிறுவனம் 6500, 8000 வாட் ஜெனரேட்டர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் ரீகால் செய்தது. காரணம், தூக்கிப் போகும் கைப்பிடி பூட்டாமல் இருந்தால் மெஷினின் இரும்பு ஃபிரேமுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொள்ளும். அறிவிப்பின்போதே 8 பேருக்கு அடிபட்டிருந்தது, அதில் 7 பேருக்கு விரல் துண்டாகியிருந்தது. தெரிந்தவுடன் சொல்லவில்லை என்பதற்காக 2023-ல் 1.58 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அந்த மாதிரி ரீகால் வந்தால் மெஷினைத் தொடவே கூடாது. உங்களுடையதில், அறிவிப்பில் லேபிள் மட்டும்தான் குறை என்றால், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? இன்றைக்கே இரண்டு ரிமோட்டையும் குழந்தைகளுக்கு எட்டாத, பூட்டுகிற இடத்தில் வையுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கோ முகவரிக்கோ மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள், சீரியல் எண் மெஷின் உடம்பில் ஒரு தகட்டில் இருக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டால் பரவாயில்லை, பில் இல்லாவிட்டாலும் பேசிப் பாருங்கள், இந்த மாதிரி விஷயத்தில் கடைகள் அவ்வளவாகக் கெடுபிடி செய்வதில்லை. அவர்கள் தரும் தீர்வு மூன்றில் ஒன்றாக இருக்கும்: எச்சரிக்கை ஸ்டிக்கரும் திருத்திய தாளும் தபாலில் வரும், அல்லது வேறு ரிமோட் வரும், அல்லது பணம் திரும்ப வரும். ஜெனரேட்டரில் முதல் இரண்டைத்தான் கம்பெனிகள் விரும்பும், அதற்குக் காரணமும் உண்டு. ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய மெஷினைக் கூரியர்காரர்கள் லேசில் தொட மாட்டார்கள், டாங்கைக் காலி செய்து ஆவியும் போன பிறகுதான் வண்டியில் ஏற்ற முடியும், நாற்பது ஐம்பது கிலோ சாமானுக்கு அந்தச் செலவை யாரும் விரும்புவதில்லை. அறிவிப்பில் பணம் திரும்பத் தருவதாகப் போட்டிருந்தால் மட்டும் தயங்காமல் கேளுங்கள், ஸ்டிக்கர் அனுப்பிவைக்கிறோம் என்று தொலைபேசியில் சமாளித்தால் அறிவிப்பின் வாசகத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ரிமோட் இல்லாமல் மெஷினில் இருக்கும் பட்டனிலோ கயிற்றிலோ ஸ்டார்ட் செய்துகொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொறியியல் கணக்கில் எனக்கு அதில் தவறு தெரியவில்லை, ஆனால் அறிவிப்பு நிறுத்தச் சொல்லியிருக்கிறது, தீர்வு கைக்கு வரும்வரை நிறுத்துங்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். புயல் எச்சரிக்கை ஏதும் இருந்தால் கடைக்குப் போன் போட்டு அவர்கள் வாயாலேயே பதிலை வாங்கிக்கொள்ளுங்கள், மின்னஞ்சலில் வாங்கினால் இன்னும் நல்லது. இதற்குள் மெஷினை யாருக்காவது விற்றுவிட்டிருந்தால் இந்த அறிவிப்பை வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள், கடைக்கு அவர் யாரென்று தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

வந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பதற்கு அவர்களே படம் போட்டு அனுப்புவார்கள். ரிமோட்டில் இடம் போதாது என்று மெஷின் மேலேயும் மேனுவலிலும் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டும்போதே ரிமோட்டின் முதுகையும் சோதியுங்கள்: ஸ்க்ரூ இருக்கிறதா, முழுக்க இறுகியிருக்கிறதா, மூடியில் விரிசல் இருக்கிறதா. பழைய மாடல்களில் பேட்டரி மாற்றும்போது ஸ்க்ரூ எங்கேயோ உருண்டு போய்விடும், நாமும் மூடி தானாக நிற்கிறதே என்று விட்டுவிடுவோம். அப்படி விட்டது உங்கள் வீட்டில் வேறு எத்தனை ரிமோட்டில் இருக்கிறது என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள், ஏசி ரிமோட், கார் சாவி, எடை மெஷின், காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் சேர்த்து.

விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் கூட, கண்ணால் பார்க்கவில்லை என்றாலும் கூட, ஆஸ்திரேலியாவில் நச்சுத் தகவல் மையத்தின் எண் 13 11 26, நாள் முழுக்க எடுப்பார்கள். மூச்சுத் திணறலோ ரத்தமோ இருந்தால் நேராக 000. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மையம் சொல்லாமல் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கவும் கூடாது. தேன் கொடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள், அது கட்டுக்கதை இல்லை. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அமெரிக்க வழிகாட்டுதலில் அது சேர்ந்தது: ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், மொத்தம் 6 முறைக்கு மேல் வேண்டாம். காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான், எடுக்கிற வேலையை ஆஸ்பத்திரிதான் செய்ய வேண்டும். தேன் தேடிக் கடைக்கு ஓடக் கூடாது, ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது, உங்கள் ஊரில் 13 11 26 என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்ற வார்த்தையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதே மாடல் பேட்டரியோ அதன் உறையோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் மாதிரியே தெரியும், விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பேட்டரி என்று பிரித்துச் சொல்வார்கள்.

கடைசியாக, பேட்டரி வாங்குவதும் எறிவதும். டூராசெல் 2020-லிருந்து இந்த அளவு லித்தியம் பேட்டரிகளின் மேல் கசப்புப் பூச்சு போடுகிறது, நாக்கில் பட்டதும் குழந்தை துப்பிவிடும் என்ற எண்ணத்தில். நல்லதுதான், ஆனால் கசப்பு தெரிவதற்கே அது வாய்க்குள் போயிருக்க வேண்டும் என்பதால் அதை நம்பி மேசை மேல் வைக்காதீர்கள். சில ரிமோட்டில் பூச்சு மின் இணைப்பைத் தடுப்பதும் உண்டு, புதுப் பேட்டரி போட்டும் ஓடவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கழற்றிய பழைய பேட்டரியின் இரண்டு பக்கத்திலும் உடனே செலோடேப் சுற்றிவிடுங்கள், ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்காமலும் இருக்கும், சட்டென்று நாணயம் மாதிரித் தெரியாமலும் இருக்கும். அப்புறம் வீட்டுக் குப்பையில் போடாமல், அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பி-சைக்கிள் என்ற பழைய பேட்டரி சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் ரிமோட்களைப் பூட்டி வைத்த அதே இடத்தில் இதுவும் இருக்கட்டும்.